சாம்பியன் பட்டம் நிரலுக்கா, இயந்திரத்துக்கா? கணினிச் சதுரங்கப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டி அமைப்பாளர்களுக்கும் விதிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கணினிச் சதுரங்கச் சாம்பியன்ஷிப் போட்டிகளின் வன்பொருள் விதியை, அதாவது எந்த இயந்திரத்தில் ஆடலாம் என்ற விதியை, மாற்றியமைக்கக் கோரி இந்த மடலை எழுதுகிறேன். சதுரங்கம் ஆடும் நிரல்களான எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிட்டுச் சோதிப்பதிலும், பெரிய போட்டிகளின் ஆட்டப் பதிவுகளைப் படிப்பதிலும் நெடுநாளாக ஈடுபட்டு வருபவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. எந்த எஞ்சின் குழுவையும் நான் சார்ந்தவனும் அல்ல. என் கோரிக்கை இதுதான்: பட்டத்துக்கான போட்டியில் எல்லா எஞ்சின்களும் அமைப்பாளர் வழங்கும் இயந்திரங்களிலேயே ஆட வேண்டும், அந்த இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று சமமா என்பதைக் செயலிகளுக்குள் உள்ள கணிப்பு அலகுகளான கோர்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்யாமல், ஆட்டத்தின்போது அவை இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

இது புதிதாக முளைத்த சிக்கல் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். 1974 இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினிச் சதுரங்கச் சாம்பியன்ஷிப்பை வென்ற சோவியத் நிரலான கைஸ்ஸா, மாஸ்கோவில் இருந்த ஐசிஎல் 4/70 என்ற பெருங்கணினியில் ஓடியது. 1977 இல் டொராண்டோவில் வென்ற செஸ் 4.6 நிரலுக்குப் பின்னால் சைபர் 176 இருந்தது. 1980 இல் லின்ஸ் நகரில் வென்ற பெல், கென் தாம்ப்சனும் ஜோ காண்டனும் சதுரங்கத்துக்கென்றே மின்சுற்றுகளை வடிவமைத்து உருவாக்கிய தனி இயந்திரம்; அது வினாடிக்கு ஏறத்தாழ 1,60,000 நிலைகளை ஆராய்ந்தது. 1983 இல் நியூயார்க்கில் கிரே பிளிட்ஸ் வென்றபோது அது ஓடியது கிரே எக்ஸ்-எம்பி என்ற சூப்பர் கம்ப்யூட்டரில். அந்த நாள்களில் யாரிடம் எந்த இயந்திரத்தில் நேரம் கிடைத்தது என்பதே பாதிப் போட்டியாக இருந்தது. நிரலை எழுதியவர் அதே இயந்திரத்தின் கட்டளைத் தொகுதிக்கென்றே எழுதினார். அதை எடுத்து வேறொன்றில் ஓட்டிப் பார்ப்பது நடைமுறையில் இயலாத காரியம். எனவே நிரலும் இயந்திரமும் சேர்ந்த ஒன்றுக்கே பட்டம் என்று அன்று வைத்துக்கொண்டதில் பிழை காண முடியாது.

அந்த நியாயம் 1990களில் வலுவிழந்தது. 1992 இல் மாட்ரிட்டில், ஏஆர்எம் செயலி பொருத்திய ஒரு செருகு அட்டையில் ஓடிய செஸ்மெஷின் பட்டம் வென்றது. நுண்கணினி வகையைச் சேர்ந்த ஒன்று அந்தப் பட்டத்தை எடுத்தது அதுவே முதல் முறை. 1995 இல் ஹாங்காங்கில் நடந்தது இன்னும் துலக்கமானது. அங்கே ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ முன்மாதிரி வந்திருந்தது. 1,824 கணுக்கள் கொண்ட இன்டெல் பாராகான் இயந்திரத்தில் ஓடிய ஸ்டார் சாக்ரடீஸ் வந்திருந்தது. இவற்றுக்கு நடுவே 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் செயலியில் ஓடிய ஃபிரிட்ஸ், டீப் புளூ முன்மாதிரியை நேருக்கு நேர் வென்றது. முடிவில் சமநிலையில் நின்ற ஸ்டார் சாக்ரடீஸையும் கூடுதல் ஆட்டத்தில் வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. வன்பொருள் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்பவர்களும், அது எதையுமே தீர்மானிப்பதில்லை என்று சொல்பவர்களும் இந்த ஒரு போட்டியைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவதுண்டு. சில சுற்றுகளே கொண்ட ஒரு போட்டியின் முடிவிலிருந்து இரண்டில் எதையும் நிறுவ முடியாது என்பதே என் கருத்து. ஒன்பது சுற்றுப் போட்டியில் இணையான இருவர் ஆடி, பாதி ஆட்டங்கள் சமனில் முடியும் என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளி அளவுக்கான ஏற்ற இறக்கம் வெறும் தற்செயலாலேயே வந்துவிடும். பட்டங்கள் பெரும்பாலும் அரைப் புள்ளியில் கைமாறுகின்றன.

வன்பொருள் உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம் என்பது பழைய கணக்கு. முடிவை மாற்றாத கிளைகளை ஆராயாமல் விடும் ஆல்பா-பீட்டா வெட்டு முறை, நகர்வுகள் மிக நல்ல வரிசையில் ஆராயப்பட்டால், பார்க்க வேண்டிய நிலைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்துக்குக் குறைத்துவிடும். அதாவது அதே உழைப்பில் இருமடங்கு ஆழம் கிடைக்கும். எனவே அந்தக் காலத்து நிரல் ஒன்று ஓர் அடுக்கு, அதாவது ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு, கூடுதலாக எட்டிப் பார்க்க ஆறு மடங்கு வேகம் தேவைப்பட்டது. கென் தாம்ப்சன் தம் பெல் இயந்திரத்தைப் பல்வேறு ஆழங்களில் தன்னோடு தானே ஆடவிட்டுச் சோதித்தபோது, குறைந்த ஆழங்களில் ஒவ்வோர் அடுக்குக்கும் 200 புள்ளிக்கு மேல் தரமதிப்பு கூடியது. ஆறு மடங்கு வேகத்துக்கு 200 புள்ளி என்றால், வேகம் இரட்டிப்பாகும்போது கிடைப்பது எழுபது எண்பது புள்ளி. பின்னர் வந்த சோதனையாளர்கள் நெடுங்காலம் 50 முதல் 70 எலோ (தரமதிப்புப் புள்ளி) என்று வைத்துக்கொண்ட நடைமுறைக் கணக்குக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. 70 எலோ வித்தியாசம் என்பது நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ அறுபதுக்கு நாற்பது.

இன்றைய எஞ்சின்களின் நிலை வேறு. பயனற்ற கிளைகளை முன்கூட்டியே கழிப்பதிலும், வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளின் ஆழத்தைக் குறைத்துத் தேடுவதிலும் அவை அடைந்திருக்கும் தேர்ச்சியால், ஓர் அடுக்கு கூடுதலாகச் செல்ல இரண்டு மடங்கு உழைப்போ அதற்கும் குறைவோ போதுமானதாகிவிட்டது. ஆனால் முப்பதாவது அடுக்குக்குப் பிறகு கிடைக்கும் ஓர் அடுக்கின் மதிப்பு, ஐந்தாவது அடுக்குக்குப் பிறகு கிடைத்த ஓர் அடுக்கின் மதிப்பில் சிறு பங்குதான். மேலும், கோர்களைக் கூட்டுவதும் வேகத்தைக் கூட்டுவதும் ஒன்றல்ல. ஆல்பா-பீட்டா இயல்பிலேயே வரிசைக்கிரமமான முறை: முதல் நகர்வை ஆராய்ந்து கிடைக்கும் எல்லைதான் அடுத்த நகர்வை விரைவில் வெட்டித் தள்ள உதவுகிறது. பல கோர்கள் ஒரே நேரத்தில் தேடும்போது, அந்த எல்லை கைக்கு வருமுன்பே பல கிளைகளில் வேலை தொடங்கிவிடுகிறது. ஒரே கோர் ஆராயவே தேவையில்லாத நிலைகளை நாற்பது கோர்கள் சேர்ந்து ஆராய்ந்து கொண்டிருக்கும். பல இயந்திரங்களைப் பிணைய வடத்தால் இணைத்த கிளஸ்டரில் இந்த விரயம் இன்னும் கூடும். ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளின் முடிவுகளைச் சேமிக்கும் ஹாஷ் அட்டவணையைப் பகிர்ந்துகொள்வதற்கே தாமதம் தடையாகிவிடும்.

இந்தப் பின்னணியில்தான் 2008 முதல் 2010 வரை நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். 2008 இல் பெய்ஜிங்கில் ரிப்கா என்ற எஞ்சின் 40 கோர்கள் கொண்ட கிளஸ்டரில் ஆடி வென்றது. (அந்தப் பட்டமும் அதன் முன்பின் பட்டங்களும் 2011 இல் முற்றிலும் வேறொரு காரணத்துக்காகப் பறிக்கப்பட்டன, அது இங்கே பேசுபொருள் அல்ல.) எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து 2009 இல் பாம்ப்லோனா போட்டிக்கு எட்டுக் கோர் என்ற வரம்பு கொண்டுவரப்பட்டது. அந்த வரம்பு ஒரு போட்டிக்கு மேல் நிலைக்கவில்லை. 2010 இல் கனசாவாவில் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வரம்பு நீக்கப்பட்டு, ஒரே வகை இயந்திரத்தில் ஆடும் மென்பொருள் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாவது பட்டம் தோற்றுவிக்கப்பட்டது. அன்றைய சூழலில் அது விவேகமான முடிவு. ஆனால் ஒரே வகை இயந்திரத்தில் நடந்த போட்டி துணைப் பட்டமாகவும், பணமும் நிறுவனத் தொடர்பும் உள்ளவர் கூடுதலாக எடுத்துவரக்கூடிய போட்டி தலைமைப் பட்டமாகவும் அமைந்துவிட்டன. 2015 இல் லைடன் நகரில் ஜானி என்ற எஞ்சின் வென்றபோது அது ஒரு பல்கலைக்கழகக் கிளஸ்டரின் 2,400 கோர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவரின் திறமையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அத்தனை கோர்களில் ஆல்பா-பீட்டாவைப் பயனுள்ளபடி ஓட வைப்பதே தனிப்பெரும் பொறியியல். ஆனால் நிரல் எவ்வளவு நன்றாக ஆடியது, 2,400 கோர்கள் எவ்வளவு தந்தன என்பதைப் பிரித்தறிய அந்த முடிவைப் படிப்பவருக்கு எந்த வழியும் இல்லை.

எட்டுக் கோர் வரம்பு தோற்றதற்குக் காரணம் வரம்பு வைத்ததல்ல, எதை எண்ணினார்கள் என்பதுதான் என்று கருதுகிறேன். இரண்டு செயலிகளில் எட்டு எட்டுக் கோர்கள் இருக்கலாம். ஒன்றின் கடிகார வேகம் மற்றதைவிட ஒன்றரை மடங்காக இருக்கலாம். ஒன்றில் நினைவகத் தடங்கள் இரண்டும் மற்றதில் எட்டும் இருக்கலாம். நிலைகளை மதிப்பிடப் பயிற்றுவிக்கப்பட்ட நரம்பு வலையமைப்பு எஞ்சின்களுக்குள் நுழைந்த பிறகு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிவிட்டது. 2018 இல் ஜப்பானில் யூ நாசு, ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க ஆட்டத்துக்காக உருவாக்கிய என்என்யூஇ வகை வலையமைப்பை ஸ்டாக்ஃபிஷ் என்ற முன்னணி எஞ்சின் தன் 12ஆம் பதிப்பில், 2020 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. ஒரு காய் நகரும்போது வலையமைப்பின் உள்ளீடுகளில் சிலவே மாறுகின்றன என்பதால், முதல் அடுக்கை முழுவதும் மீண்டும் கணக்கிடாமல் மாறிய பகுதியை மட்டும் கூட்டிக் கழித்துவிடலாம் என்பதே அதன் உத்தி. இந்தக் கூட்டல் கழித்தல்கள் சிறிய முழு எண்களில், ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ்2 போன்ற கட்டளைத் தொகுதிகளால் நடக்கின்றன. அந்தத் தொகுதி இல்லாத பழைய செயலியும் அது உள்ள புதிய செயலியும் கோர் எண்ணிக்கையிலும் கடிகார வேகத்திலும் ஒன்றாக இருந்தாலும், ஒரே எஞ்சின் இரண்டிலும் முற்றிலும் வெவ்வேறு வேகத்தில் ஓடும். எட்டுக் கோர் என்ற சொல் இவற்றில் எதையும் பிடிப்பதில்லை.

இனி, நரம்பு வலையமைப்புகளை வேகமாகக் கணக்கிட உதவும் ஜிபியு (வரைகலைச் செயலி). 2017 டிசம்பரில் டீப்மைண்ட் வெளியிட்ட முடிவு எல்லோருக்கும் நினைவிருக்கும்: அதன் நரம்பு வலையமைப்பு எஞ்சினான ஆல்பாஜீரோ ஸ்டாக்ஃபிஷ் 8ஐ எதிர்த்து நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 சமன், தோல்வி இல்லை. ஆல்பாஜீரோ நான்கு டிபியுக்களில் (கூகுள் உருவாக்கிய நரம்பு வலையமைப்புச் செயலிகளில்) ஓடி வினாடிக்கு 80,000 நிலைகளை ஆராய்ந்தது. ஸ்டாக்ஃபிஷ் 64 இழைகளில் (ஒரே நேரத்தில் நடக்கும் தேடல்களில்) ஓடி 7 கோடி நிலைகளை ஆராய்ந்தது. ஆனால் ஸ்டாக்ஃபிஷுக்குத் தரப்பட்ட ஹாஷ் நினைவகம் ஒரே ஒரு ஜிபி. அறுபத்து நான்கு இழைகளுக்கு அது எவ்வளவு சிறியது என்பது எஞ்சின் ஓட்டிப் பார்த்த எவருக்கும் தெரியும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிமிடம் என்று நேரம் கட்டப்பட்டதால், நேரத்தைப் பங்கிடும் அதன் திறமையும் பயனற்றுப் போனது. குறைகள் சுட்டப்பட்ட பின்னர், 2018 இல் சயன்ஸ் இதழில் வந்த விரிவான கட்டுரையில் 44 கோர்களும் 32 ஜிபி ஹாஷும் மூன்று மணி நேரக் கடிகாரமும் தந்து ஆயிரம் ஆட்டங்கள் ஆடவிட்டார்கள்; ஆல்பாஜீரோ 155 வென்று 6 தோற்றது. முடிவின் திசை மாறவில்லை. ஆனால் முதல் அறிக்கையின் மீது எழுந்த ஐயத்துக்குப் பெரும் காரணம் வன்பொருள், நேர அமைப்புகளே. ஆட்டத்தின் தரத்தை யாரும் குறை சொல்லவில்லை.

ஆல்பாஜீரோ வழியில் ஜிபியுவில் ஓடும் லீலா செஸ் ஜீரோ எஞ்சின் வந்த பிறகு, ஒரு போட்டியின் ஜிபியுவும் சிபியுவும் (வழக்கமான மையச் செயலியும்) சமமா என்று தெரிந்துகொள்ள ஆர்வலர்கள் ஒரு விகிதத்தைக் கணக்கிடத் தொடங்கினார்கள். லீலாவின் வினாடி வேகத்தை (வினாடிக்கு ஆராயும் நிலைகளை) ஸ்டாக்ஃபிஷின் வேகத்தால் வகுத்து 875ஆல் பெருக்குவார்கள். விடை ஒன்று என்றால் ஆல்பாஜீரோ கட்டுரையில் இருந்த அதே சமநிலை என்று பொருள். கேட்க நேர்த்தியாக இருந்தாலும் அந்த விகிதம் நெடுநாள் தாங்கவில்லை. லீலாவின் வலையமைப்பு பெரிதானால் அதன் வேகம் குறையும், பலம் கூடும். விகிதமோ அதற்கு அநியாயம் நடப்பதாகச் சொல்லும். ஸ்டாக்ஃபிஷ் என்என்யூஇக்கு மாறியபோது அதன் வேகமும் வெகுவாகக் குறைந்து பலம் கூடியது. விகிதம் மறுபுறம் சாய்ந்தது. வினாடிக்கு எத்தனை நிலைகள் என்பது ஒரு நிரல் எடுத்துக்கொள்ளும் முடிவு. அதை எடுத்து இயந்திரத்தின் அளவுகோலாக வைத்தால் நிரலைக் கொண்டு நிரலையே அளந்ததாகிவிடும்.

விலையை அளவுகோலாக வைக்கலாம் என்று சிலர் கூறுகிறார்கள். ஜிபியுக்களின் சந்தை விலை சதுரங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத காரணங்களால் ஏறி இறங்குவதைக் கடந்த பத்தாண்டில் எல்லோரும் பார்த்துவிட்டோம். ஒரே அட்டை ஆறு மாத இடைவெளியில் இருமடங்கு விலைக்கு விற்றால் அந்த ஆண்டின் சமநிலையும் இருமடங்கு மாறிவிட வேண்டுமா? மின்சாரம் அப்படியல்ல. சுவர்ச் செருகியில் ஓர் அளவியைப் பொருத்தினால் முழு இயந்திரமும் எவ்வளவு இழுக்கிறது என்று எண்ணாகக் காட்டிவிடும். ஜிபியு, சிபியு, நினைவகம், குளிர்விக்கும் விசிறி எல்லாம் அதில் அடங்கிவிடும். எனவே நான் முன்வைப்பது: ஒரே தலைமுறையைச் சேர்ந்த பாகங்களைக் கொண்டு இரண்டு இயந்திரங்களை அமைப்பாளர் தயார் செய்யட்டும். ஒன்று பல கோர் சிபியு கொண்டதாகவும், மற்றது ஜிபியுவும் அதற்குத் துணையாகச் சிறிய சிபியுவும் கொண்டதாகவும் இருக்கட்டும். முழுச் சுமையில் இரண்டும் செருகியில் ஒரே அளவு மின்சாரத்தை இழுக்கும்படி மின்வரம்பை அமைக்கட்டும். பங்கேற்பாளர் இரண்டில் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளட்டும். இது குறையே இல்லாத அளவுகோல் என்று நான் வாதிடவில்லை. உற்பத்தி நுட்பம் முன்னேறிய வகைச் சில்லுக்குச் சற்றே சாதகம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இருக்கும் அளவுகோல்களில் நிரலின் தன்மையோடு கலக்காததும், யாரும் சரிபார்க்கக் கூடியதும் இது ஒன்றே.

இயந்திரம் ஒன்றே என்று அறிவித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் போட்டி மென்பொருளோடு பேசும் யுசிஐ நெறிமுறை வழியாக எஞ்சின் வெளியிடும் வரிகளைக் கவனித்தால், ஆழம், மதிப்பீடு, நிலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஹாஷ்ஃபுல் என்ற எண்ணும் வரும். ஹாஷ் அட்டவணையில் ஆயிரத்தில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை அது காட்டும். நீண்ட நேரக் கட்டுப்பாட்டில் பல கோர்களோடு ஆடும் எஞ்சினுக்கு ஒரு சிறிய அட்டவணையைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நகர்வுக்குள்ளாகவே அந்த எண் ஆயிரத்தை எட்டிவிடும். அதன் பிறகு எஞ்சின் முன்பு கண்டவற்றை அழித்து அழித்து எழுதிக்கொண்டு, ஏற்கெனவே தீர்த்த நிலைகளை மறுபடியும் தீர்த்துக்கொண்டிருக்கும். வேகக் கணக்கு மாறாமலே இருக்கும், ஆழம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். இதேபோல் குளிரூட்டல் போதாத இயந்திரத்தில் முதல் சில நிமிடங்கள் வினாடி வேகம் உச்சத்தில் இருந்து, வெப்பம் ஏறியதும் செயலி தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். நேரத்தைத் திட்டமிட்டுப் பங்கிட்ட எஞ்சின் நடு ஆட்டத்தில் எதிர்பார்த்த ஆழத்தை எட்டாமல் போகும். பார்வையாளர் கண்ணுக்கு இது மோசமான நகர்வாகத் தெரியுமே தவிர, சூடான செயலியாகத் தெரியாது.

சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணித்து வைத்த முடிவாட்ட அட்டவணைகளும் இப்படியே. ஆறு காய்கள் வரையிலான சிசிஜி அட்டவணைகள் ஏறத்தாழ 150 ஜிபி; ஏழு காய்களுக்கானவை ஏறத்தாழ 17 டிபி. அவற்றை வேகமான எஸ்எஸ்டியில் வைத்திருக்கும் இயந்திரமும், மெதுவான வட்டில் வைத்திருக்கும் இயந்திரமும் ஒன்றல்ல. மெதுவான வட்டில் இருந்து தேடலின் நடுவே படிக்க நேர்ந்தால் அந்த அறிவு உதவுவதைவிட இடையூறே அதிகம் செய்யும். தொலைவிலிருக்கும் கிளஸ்டரை இணையம் வழியே இயக்குவோருக்கு இணைப்பு அறுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியமானது, அரங்கிலிருந்து பார்ப்பவர்களால் மறுமுனையில் எந்த நிரல், எந்த அமைப்பில் ஓடுகிறது என்பதை உறுதி செய்ய முடியாமல் போவது. பல இழைகளில் ஓடும் எஞ்சின் ஒரே நிலையில் இரண்டாம் முறை வேறு நகர்வைத் தேர்ந்தெடுக்கக் கூடும் என்பதால், சர்ச்சைக்குரிய நகர்வைப் பின்னர் மீண்டும் ஓட்டிப் பார்த்து மெய்ப்பிப்பதும் நிச்சயமில்லை.

திறந்த வன்பொருளை ஆதரிப்போர் சொல்லும் வலுவான வாதம், அதுவே உச்சத் தரமான சதுரங்கத்தைத் தருகிறது என்பது. தரம் உயர்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் போட்டித்தன்மை அதனோடு சேர்ந்து உயர்வதில்லை. இன்றைய முன்னணி எஞ்சின்களுக்கு நல்ல இயந்திரமும் நீண்ட நேரமும் தந்து வழக்கமான தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் ஏறத்தாழ எல்லாம் சமனிலேயே முடிகின்றன. டிசிஇசி என்ற இணைய எஞ்சின் போட்டி போன்றவை, ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களை வேண்டுமென்றே தேர்ந்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை ஆட வைப்பது இதனால்தான். இயந்திரம் பெரிதாகப் பெரிதாக இன்னும் சாய்ந்த தொடக்கங்கள் தேவைப்படும். சுற்றுகள் குறைவாகவும், தொடக்கங்களை அவரவர் நூலகமே (முன்கூட்டியே சேமித்த தொடக்க நகர்வுகளே) தீர்மானிப்பதாகவும் உள்ள போட்டியில், பலசாலிகள் தங்களுக்குள் சமன் செய்துகொள்வார்கள். பட்டியலின் அடியில் சாதாரண இயந்திரத்தோடு வந்திருக்கும் தனியொரு நிரலாளரிடமிருந்து யார் முழுப் புள்ளி எடுத்தார் என்பதே பட்டத்தைத் தீர்மானிக்கும். வன்பொருள் இடைவெளி மிகக் கூர்மையாக வேலை செய்யும் இடமும் அதுவே. அந்தத் தனி நிரலாளர் அடுத்த முறை வராமல் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு மாறாக, ஒரே அமைப்பாளரின் இயந்திரங்களில், நூறு ஆட்டங்கள் கொண்ட இறுதிப் போட்டியில் கிடைத்த முடிவுகளைப் பாருங்கள். 2019 இல் டிசிஇசியின் 15ஆம் பருவத்தில் லீலா 53.5–46.5 என்றும், 2020 இல் 17ஆம் பருவத்தில் 52.5–47.5 என்றும் ஸ்டாக்ஃபிஷை வென்றது. அதன் பின் ஸ்டாக்ஃபிஷ் முந்தியது. அந்த ஜிபியுக்கள் லீலாவுக்குச் சற்று அதிகம் தந்தனவா, குறைவாகத் தந்தனவா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் வாதிடுவதற்கு வேண்டிய தகவல் முழுவதும் வெளியில் இருக்கிறது. எந்தச் செயலி, எவ்வளவு ஹாஷ், எந்த வலையமைப்பு, ஒவ்வொரு நகர்விலும் என்ன வேகம் என்பதெல்லாம் பதிவில் உண்டு. எனவே முடிவை ஏற்காதவரும் எதை ஏற்கவில்லை என்று குறிப்பாகச் சொல்ல முடிகிறது.

அரங்குக்கு வெளியே செலவான வன்பொருளைப் பற்றி ஒரு சொல். ஆல்பாஜீரோவின் பயிற்சி ஆட்டங்களை உருவாக்க 5,000 முதல் தலைமுறை டிபியுக்களும், வலையமைப்பைப் பயிற்றுவிக்க 64 இரண்டாம் தலைமுறை டிபியுக்களும் பயன்பட்டன. ஸ்டாக்ஃபிஷின் ஒவ்வொரு சிறு மாற்றமும் 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் அமைப்பில் தன்னார்வலர்கள் தந்த கணினி நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களால் சோதிக்கப்படுகிறது. லீலாவும் அப்படியே தன்னார்வலர்களின் ஜிபியுக்களால் வளர்ந்தது. இதை எந்த விதியாலும் சமப்படுத்த முடியாது, சமப்படுத்த முயலவும் கூடாது என்பேன். ஒரு நிரல் எப்படி உருவானது என்பது அதன் வரலாறு; போட்டி அளக்க வேண்டியது உருவாகி வந்த நிரலை. எனினும், பயிற்சிக்கு எந்த வகை வன்பொருள், யாருடைய ஆட்டத் தரவு பயன்பட்டது என்பதைப் பதிவுப் படிவத்தில் எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. நிரலின் சொந்தத்தன்மை பற்றிய விசாரணைகளுக்கும் அது உதவும்.

இவற்றைக் கருதி, அடுத்த போட்டிக்கான விதிகளை வரையும்போது சிலவற்றைச் சேர்க்கும்படி வேண்டுகிறேன். பட்டப் போட்டியின் இயந்திரங்கள் எவை என்பது பதிவு தொடங்குமுன்பே அறிவிக்கப்பட வேண்டும். அவற்றிலோ அதே அமைப்புடைய மற்றவற்றிலோ பங்கேற்பாளர்கள் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். அறிமுகமில்லாத இயந்திரத்தில் முதல் சுற்றன்று இழைகளின் எண்ணிக்கையைச் சரிசெய்துகொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல. ஹாஷ் அளவும் முடிவாட்ட அட்டவணைகளும் அவை இருக்கும் வட்டின் வகையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்வரம்பும் குளிரூட்டலும் பல மணி நேரச் சுமையில் சோதிக்கப்பட்டு, அளவீடு வெளியிடப்பட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்தின் முழு எஞ்சின் பதிவும், செருகி அளவியின் எண்களும் ஆட்ட நகர்வுகளோடு சேர்த்தே தரப்பட வேண்டும். இரண்டு வகை இயந்திரங்களையும் வாங்கிப் பராமரிக்கும் வசதி சிறிய அமைப்பாளருக்கு இல்லையென்றால், சிபியு மட்டும் என்று அறிவித்து நடத்தட்டும். ஜிபியு எஞ்சின்களை ஒப்புக்குச் சேர்த்து அரைகுறை இயந்திரத்தில் தோற்கவிடுவதைவிட அது நேர்மையானது.

திறந்த வன்பொருள் போட்டியை ஒழிக்கும்படி நான் கேட்கவில்லை. பல்லாயிரம் கோர்களில் தேடலை எப்படிப் பங்கிடுவது, பெரிய வலையமைப்பையும் வேகமான தேடலையும் எப்படி இணைப்பது என்பவற்றுக்கெல்லாம் அது நல்ல களம். 1997 இல் 480 சதுரங்கச் சில்லுகளோடு வினாடிக்கு 20 கோடி நிலைகள் வரை ஆராய்ந்து காஸ்பரோவை வென்ற டீப் புளூ போன்ற முயற்சிக்கு இடமில்லாத ஒரு துறையை நானும் விரும்பமாட்டேன். அந்தப் பிரிவில் வெல்பவரின் பெயரோடு இயந்திரத்தின் பெயரும் அது இழுத்த மின்சாரமும் சேர்ந்தே அறிவிக்கப்படட்டும். கோப்பையிலும் அப்படியே பொறிக்கப்படட்டும். உலகச் சாம்பியன் என்று தனி நிரலின் பெயரை மட்டும் அறிவிக்கும் உரிமை, எல்லா நிரல்களும் ஒரே அளவுகோலில் நின்று ஆடிய போட்டிக்கு உரியதாக இருக்கட்டும்.

விதிகளின் வரைவைப் பதிவு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே பொதுவில் வைத்து, எஞ்சின் ஆசிரியர்களிடமும் சோதனையாளர்களிடமும் கருத்துக் கேட்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மின் அளவீட்டு முறையைச் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால், அந்தப் பணியில் பங்கெடுக்க என்னைப் போன்ற சோதனையாளர்கள் பலர் ஆயத்தமாகவே இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எஞ்சின் சோதனையாளர் ஒருவர்